முதல் தோடு: ஜாக்கிரதை!

குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய்மாமன் மடியில் வைத்து இறுகப் பிடித்திருக்கிறார். ஆசாரி காதில் ஊசியை ஏற்றுகிறார். ஒரு நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. குழந்தையின் வாயில் சர்க்கரை போடுகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக, ஆந்திர எல்லைகளுக்கு அருகே இருக்கும் ஊர் வேப்பனப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே காதில் விழும். எந்த மொழி பேசும் வீடானாலும் காதுகுத்து ஒரு விசேஷம்தான்.

விசேஷம் முடிந்து சில வாரமோ, சில மாதமோ ஆகும். பிறகு சில வீடுகளில் கவலை தொடங்கும். குழந்தையின் காது அரிக்கும், சிவக்கும், நீர் வடியும்.

"இவளுக்கு மென்மையான தோல். காது குத்தியது ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் பாட்டி.

பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாதது காது குத்தியது அல்ல. காதில் போட்ட தோடுதான்!

குற்றவாளி யார்?

அதன் பெயர் நிக்கல். வெள்ளையாகப் பளபளக்கும் ஓர் உலோகம். மலிவான தோடுகளில் இது கலந்திருக்கும். பல கவரிங் நகைகளில் மேலே தங்க முலாம் இருக்கும். அதன் அடியில் நிக்கல் பூச்சு இருக்கும்.

வியர்வை பட்டால் நிக்கல் சிறிது சிறிதாகக் கரையும். புதிதாகக் குத்திய காது, ஆறாத புண். கரைந்த நிக்கல் அதன் வழியே உள்ளே போகிறது. சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொள்கிறது. இதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர்.

ஒரு முறை வந்த நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். அரிப்பை மருந்தால் அடக்கலாம். ஒவ்வாமையை அடியோடு நீக்க மருந்து இல்லை.

காதோடு போகாது

ஐந்து வயதில் ஒவ்வாமை வந்த சிறுமி வளர்ந்து பெரியவளாகிறாள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிக்கல் முலாம் பூசிய உலோகப் பாகங்களை நாள் முழுவதும் கையால் எடுத்துப் பொருத்த வேண்டிய வேலை. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கோ விரல்கள் அரிக்கும், வெடிக்கும். காதில் தொடங்கியது கையில் வந்து பிழைப்பைத் தொடும்!

டென்மார்க் நாட்டில் இதற்காகவே 1990-ல் சட்டம் வந்தது. நிக்கல் அதிகம் கசியும் தோடுகளை விற்கத் தடை போட்டார்கள். அதற்குப் பிறகு காது குத்திய சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. 1994-ல் ஐரோப்பிய யூனியனும் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எந்தத் தோடு நல்லது?

நம் வழக்கப்படி தங்கக் கம்பி போடுவது நல்ல வழக்கம். 22 காரட் தங்கத்தில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம் இல்லை. குழந்தைத் தோடு அந்த எடைக்குள் அடங்கிவிடும். ஆகவே, "எத்தனை காரட்? நிக்கல் கலந்திருக்கிறதா?" என்று கடையில் கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள். தோட்டின் தண்டும் திருகாணியும் அதே தங்கமா என்று பாருங்கள்.

'வெள்ளைத் தங்கம்' என்று விற்பதில் நிக்கல் இருக்கலாம். 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று விற்பதிலும் நிக்கல் உண்டு. டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த தோடு மென்மையான தோலுக்கு ஏற்றது.

கவரிங் போட்டால் தாய்க்கு அரிக்குமா? கைக்கடிகாரம் பட்ட இடம் சிவக்குமா? அப்படியானால் மகளுக்குத் தோடு வாங்கும்போது இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். பெரியவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் தோல் டாக்டரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளலாம். முதுகில் மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்.

குத்தும்போது

குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு குத்துவது நல்லது. ரண ஜன்னிக்கும் ஒருவகை மஞ்சள் காமாலைக்கும் அவை காப்பு.

ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குப் போடவே கூடாது. நெருப்பில் காட்டினால் மட்டும் போதாது. உறை பிரிக்காத புது ஊசி வேண்டும். குத்துகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மென்மையான காது மடலின் கீழ்ப்பகுதியில்தான் குத்த வேண்டும். மேலே குருத்தெலும்பில் குத்தினால் ஆற மாதக்கணக்கில் ஆகும்; சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடலாம்.

குடும்பத்தில் யாருக்காவது காயத் தழும்பு கட்டியாகத் தடித்து வளர்ந்ததுண்டா? அப்படியானால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

குத்திய பிறகு

புண் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தோட்டைக் கழற்ற வேண்டாம். திருகித் திருகிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு டம்ளர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, சுத்தமான துணியால் தினம் இரண்டு வேளை ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் தடவ வேண்டாம். துவாரம் தூர்ந்துவிடும் என்று வேப்பங்குச்சியோ துடைப்பக் குச்சியோ செருகவும் கூடாது.

அரிப்பும் நீர்வடிதலும் இருந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. வலி, சூடு, சீழ், காய்ச்சல் இருந்தால் கிருமி. எதுவானாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காதுகுத்துக்குப் பந்தல் உண்டு, விருந்து உண்டு, மாமன் சீர் உண்டு. அந்தச் செலவில் முதலில் ஒதுக்க வேண்டியது ஒரு சிறிய நல்ல தோட்டுக்கும் ஒரு புது ஊசிக்கும் ஆகும் பணம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.