நீண்ட மூக்கு ஸாகு: அன்றும் இன்றும்

1979 ஜூலையில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கன்டம்’ அசைவூட்டத் தொடரின் 15ஆம் அத்தியாயம் ஒளிபரப்பானது. பெயர், ‘குகுருஸ் டோவனின் தீவு’. வாரம் ஓர் அத்தியாயம் என்ற நெருக்கடியில், வெளி ஸ்டுடியோவில் கொடுத்து வரையப்பட்டது. அவசரம் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரியும். படையை விட்டு ஓடிவந்து தீவில் பிள்ளைகளை வளர்க்கும் டோவன் ஓட்டும் ஸாகு என்னும் போர் ரோபோவுக்குக் கைகால்கள் மெலிந்து, முகத்தில் மூக்கு நீண்டுவிட்டது. துப்பாக்கி இல்லாத அது பாறைகளைப் பெயர்த்து எறிகிறது. எதிரி ஸாகுவை வெறுங்கையால் குத்துகிறது. பார்ப்பவரால் சிரிப்பை அடக்க முடியாது.

1981–82இல் தொடரைத் தொகுத்து வந்த மூன்று திரைப்படங்களில் இந்தக் கதை இல்லை. இயக்குநர் டோமினோவின் விருப்பப்படி ஆங்கில வெளியீட்டிலும் சேர்க்கப்படவில்லை.

2022 ஜூனில் அதே கதை திரையரங்குக்கு வந்தது. அன்று தொடரின் பாத்திரங்களை வடிவமைத்த யாசுஹிகோ யோஷிகாசுவே இன்று இயக்குநர். 25 நிமிடத்துக்கும் குறைவான கதை 100 நிமிடத்தைத் தாண்டி விரிந்தது. அன்று செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டினார்கள். இன்று ரோபோக்களைக் கணினி அசைக்கிறது. அன்று டோவனிடம் வளர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். இன்று 20 பேர். தொடரின் நாயகன் அமுரோவுக்குக் குரல் தந்தவர் அன்றும் இன்றும் ஃபுருயா டோருதான்.

ஸாகுவின் மூக்கையும் புதிய படத்தின் கலைஞர்கள் சரிசெய்யவில்லை. கைதவறி நீண்டதை இம்முறை கவனமாக, அழகாக நீட்டியே வரைந்தார்கள்.

புதிய படத்தில் தீவுக்கு வெயிலும் வேலையும் பசியும் உண்டு. பிள்ளைகளுக்குத் தனித்தனி முகம் உண்டு. இது பெரிய லாபம். இழந்தது, பழையதில் எதிர்பாராமல் வரும் ஒரு திருப்பம். பாறை எறியும் ஒல்லி ரோபோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கையில், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தன் கையால்தான் இறந்தார்கள் என்கிறான் டோவன். அவன்மேல் ஒட்டியிருக்கும் போரின் வாடையைப் போக்க, அமுரோ அவனுடைய ஸாகுவைத் தூக்கிக் கடலில் எறிகிறான். நேர்த்தியான படத்தில் இந்தத் துயரத்தை முதலிலிருந்தே எதிர்பார்க்கிறோம். கோணல் படத்தில் அது சிரிப்பின் நடுவே வந்து தாக்குகிறது.

இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் பழையதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத்தான், புதிய படத்தின் கலைஞர்கள் அந்த மூக்கை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது விளங்கும்.