வீட்டு ஹாலைப் பார்த்து பயந்த எழுத்தாளர்... ரே பிராட்பரியைப் படிச்சிருக்கீங்களா?

காலை ஏழு மணி. சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வீட்டில் உள்ளவர்களை எழுப்புகிறது. கிச்சனில் அடுப்பு தானாகவே எட்டு டோஸ்ட், எட்டு முட்டை, இரண்டு காபி, இரண்டு டம்ளர் பால் எல்லாம் ரெடி பண்ணிவிடுகிறது. 'இன்னிக்கு மழை, ரெயின்கோட் எடுத்துக்கோங்க' என்று வாசலில் இன்னொரு குரல் ஞாபகப்படுத்துகிறது. கார் ஷெட் கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொள்கிறது. சாப்பிட யாரும் வரவில்லை. எட்டரை மணிக்கு, காய்ந்துபோன முட்டையை வழித்துத் தள்ளிவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறது வீடு. சின்னச் சின்ன ரோபோ எலிகள் சுவரிலிருந்து வந்து தரையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகின்றன.

வெளியே மேற்குப் பக்கச் சுவர் முழுக்கக் கருகிக் கிடக்கிறது. ஐந்து இடங்களில் மட்டும் பெயின்ட் அப்படியே இருக்கிறது. புல் வெட்டும் ஓர் ஆண், பூப்பறிக்கக் குனிந்த ஒரு பெண், கையைத் தூக்கி நிற்கும் ஒரு பையன், அந்தரத்தில் ஒரு பந்து, அதைப் பிடிக்கக் காத்திருக்கும் ஒரு சிறுமி. அணுகுண்டு வெடித்த கணத்தில் அந்தக் குடும்பம் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதன் நிழல் அது.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950-ல் எழுதிய 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' என்ற சிறுகதை இது. அதே வருஷம் வந்த 'தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்' புத்தகத்தில், இந்தக் கதை நடக்கும் தேதி 2026 ஆகஸ்ட் 4. பிற்பாடு வந்த ஒரு பதிப்பில் எல்லா வருஷங்களையும் 31 கூட்டித் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய தேதிதான் சரியாகப் படுகிறது. சொன்னால் லைட் எரியும், தானாகத் தரை துடைக்கும் என்று வீட்டுச் சாமான்கள் விற்கிற காலம் இதுதானே!

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றாலே ராக்கெட், வேற்றுக்கிரகவாசி, லேசர் துப்பாக்கி என்று நினைத்து ஒதுங்கிப்போகிறவரா நீங்கள்? அப்படியானால் பிராட்பரி உங்களுக்கான ஆள். அவர் கதைகளிலும் ராக்கெட் உண்டு. ஆனால் சயின்ஸில் அவர் கொஞ்சம் வீக். அவருடைய செவ்வாய் கிரகத்தில் மனுஷங்க சர்வசாதாரணமாக மூச்சு விடுவார்கள். அந்தப் புத்தகம் சயின்ஸ் ஃபிக்‌ஷனே இல்லை, ஃபேன்டஸி என்று அவரே சொன்னதுண்டு. அவருடைய கவலையெல்லாம் வீட்டு ஹாலில் என்ன நடக்கிறது என்பதுதான்.

'தி வெல்ட்' கதையை எடுத்துக்கோங்க. இதுவும் 1950-ல் வந்ததுதான். ஜார்ஜ் - லிடியா தம்பதியின் வீடு சமைக்கும், குளிப்பாட்டும், ஷூ லேஸ்கூட கட்டிவிடும். பத்து வயசுப் பிள்ளைகள் பீட்டர், வெண்டிக்கென்று தனி அறை. அவர்கள் மனசில் நினைப்பது நான்கு சுவர்களிலும் நிஜம்போல விரியும். கொஞ்ச நாளாக அங்கே ஒரே காட்சிதான்... ஆப்பிரிக்கப் புல்வெளி, கொளுத்தும் வெயில், எதையோ தின்றுகொண்டிருக்கும் சிங்கங்கள். தூரத்தில் கேட்கும் அலறல், பெற்றோருக்கு எங்கேயோ கேட்ட குரல் மாதிரியே இருக்கிறது. வந்து பார்க்கும் மனநல மருத்துவர் சொல்வதுதான் கதையின் மையம். அந்த அறை பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவாகவே மாறிவிட்டது, இப்போது நீங்கள் வந்து அணைக்கப் பார்த்தால் அவர்கள் உங்களை வெறுக்கத்தான் செய்வார்கள் என்கிறார்.

போனைப் பிடுங்கினால் வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று குத்தும். அப்பா சுவிட்சை அணைக்கிறார். பிள்ளைகள் அழுது புரண்டு, 'இன்னும் ஒரே ஒரு நிமிஷம்' என்று கெஞ்சுகிறார்கள். அவர் இறங்கி வருகிறார். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. கடைசி வரியில் ஒரு கப் டீ வரும், கவனிங்க!

பிராட்பரி காலேஜுக்குப் போனவரில்லை, வசதியில்லை. வருஷக்கணக்கில் பொது நூலகத்திலேயே படித்து வளர்ந்தவர். வீட்டில் உட்கார்ந்து எழுதலாமென்றால் மகள் வந்து விளையாடக் கூப்பிடுவாள், இவரும் எழுந்து போய்விடுவார். ஆபீஸ் ரூம் எடுக்கக் காசில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், நூலகத்தின் அடித்தளத்தில் வாடகை டைப்ரைட்டர்கள் இருந்தன. அரை மணி நேரத்துக்குப் பத்து சென்ட். காசு போட்டுப் போட்டு, மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் ஒரு குறுநாவலை முடித்தார். கணக்குப் போட்டால் 49 மணி நேரம். அதை விரித்து எழுதியதுதான் 1953-ல் வந்த 'ஃபாரன்ஹீட் 451'.

புத்தகங்களை எரிப்பதையே வேலையாகச் செய்யும் தீயணைப்பு வீரன் மோன்டாக்கின் கதை. 'அரசாங்கம் புத்தகத்தைத் தடை பண்ற கதைதானே' என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மோன்டாக்கின் மேலதிகாரி பீட்டி கதைக்குள் ஒரு சரித்திரம் சொல்வார். முதலில் நாவல்களைப் பதினைந்து நிமிஷ ரேடியோ நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள், அப்புறம் இரண்டு நிமிஷத்தில் படிக்கிற பத்தி, அப்புறம் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரி. ஜனங்கள் தாங்களாகவேதான் படிப்பதை நிறுத்தினார்கள். நெருப்பு பிறகுதான் வந்தது.

ஆனால் என்னை உலுக்கியது எரிகிற புத்தகங்கள் இல்லை, மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட். ஹாலில் மூன்று சுவர்கள் முழுக்க டி.வி. அதில் பேசுகிறவர்களைத்தான் 'குடும்பம்' என்கிறாள். நான்காவது சுவருக்கும் வேண்டுமாம். கணவனின் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். ராத்திரியெல்லாம் காதுக்குள் சோழி மாதிரி ஒரு குட்டி ரேடியோ. ஒரு நாள் அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை விழுங்குகிறாள். வந்து வயிற்றைச் சுத்தம் செய்கிற ஆட்கள் டாக்டர்கள்கூட இல்லை. ஒரு ராத்திரிக்கு ஒன்பது, பத்து கேஸ் இப்படி வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். மறுநாள் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

இன்னொரு இரவு, 'நாம முதன்முதலா எங்கே பார்த்துக்கிட்டோம்?' என்று மோன்டாக் கேட்கிறான். அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. பத்து வருஷம்தான் ஆகிறது. அதனால என்ன என்று சிரித்துவிட்டு அவள் பாத்ரூமுக்குப் போகிறாள். அவள் எத்தனை முறை மாத்திரை விழுங்குகிறாள் என்று இவன் இருட்டில் படுத்தபடி எண்ணிக்கொண்டிருக்கிறான். நாவலின் முடிவில், நகரத்தின் மேல் குண்டு விழும் நேரத்தில், ஊருக்கு வெளியே தரையோடு தரையாகக் கிடக்கும்போது அவனுக்குச் சட்டென்று பதில் வருகிறது. சிகாகோ. சொல்வதற்கு அப்போது அவள் பக்கத்தில் இல்லை.

ஒரு குறை சொல்லியே ஆகணும். மில்ட்ரெட் ஏன் அத்தனை மாத்திரை போடுகிறாள் என்று பிராட்பரி அவள் பக்கம் நின்று ஒரு பக்கம்கூட எழுதவில்லை. விழித்துக்கொள்ளும் வாய்ப்பெல்லாம் கணவனுக்குத்தான்.

புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் 'தி வெல்ட்' பக்கம் போங்க, ஒரே மூச்சில் முடிந்துவிடும். அடுத்து அந்தக் காலி வீட்டுக் கதை. 'ஃபாரன்ஹீட் 451' பெரிய நாவல் இல்லை, ஒரு சனி, ஞாயிறு போதும். வீட்டில் கூடப் படிக்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த சிகாகோ கேள்வியை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.