வழுவைச் சொல்லவும் ஒரு முறை உண்டு

சொற்றொடரில் நேரும் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்துரைப்பது தமிழ் இலக்கண மரபு. பிழை எத்தகையது என்று அறிந்தால்தான் திருத்தம் சாத்தியமாகும். மென்பொருளில் ஏற்படும் கோளாறையும் இன்று வழு என்றே அழைக்கின்றோம். ஆயினும் அதனை உரியவர்க்கு உரியவாறு அறிவிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ், பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் ஆகியன உலகெங்கும் பயன்படும் கட்டற்ற உரைதொகுப்பிகள். மூலனார் 2023இல் காலமான பின்னரும் விம்மின் பணி தொடர்கின்றது. இவற்றில் காணும் வழுவை எவரும் அறிவிக்கலாம். ஆனால் அறிக்கையைப் பெறுபவர் தமிழ் அறியாதவராக இருக்கக்கூடும். "தமிழ் சரியாக இயங்கவில்லை" என்ற ஒற்றை வரியால் அவருக்கு விளங்கப்போவது யாதுமில்லை.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். 'கொழும்பு' என்னும் சொல்லின் ஒகரக் குறியை யுனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் பதியலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். இரண்டும் சமமானவை என்பதே யுனிகோட் நியமம். திரையிலும் வேறுபாடு தெரியாது. எனினும் ஒரு வடிவத்தில் தேடும்போது மற்றைய வடிவத்தில் உள்ள சொல் அகப்படாமற் போவதுண்டு. இதனை அறிவிப்பவர் மூன்று விடயங்களைக் கூறவேண்டும்: படிப்படியாகச் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன. திரைப்படம் மாத்திரம் இங்கு உதவாது. அச்சொல் அடங்கிய சிறு கோப்பையும் இணைத்தல் வேண்டும்.

அதற்கு முன்னர், சொந்த அமைப்புகளும் செருகுநிரல்களும் இன்றி உரைதொகுப்பியைத் திறந்து பார்ப்பது அவசியம். ஈமாக்ஸ், விம் இரண்டிலும் இதற்கு வழியுண்டு. அப்போது வழு மறைந்துவிடின், குறை நமது அமைப்பிலோ செருகுநிரலிலோ இருக்கலாம். மறையாவிடின் மென்பொருளின் பதிப்பெண், இயங்குதளம் ஆகியவற்றையும் குறிப்பிடல் வேண்டும். ஈமாக்ஸில் உள்ள வழு அறிவிக்கும் கட்டளை இவ்விபரங்களைத் தானாகவே நிரப்பித் தருகின்றது. ஓர் அறிக்கையில் ஒரு வழுவே இடம்பெறட்டும். காரணம் பற்றிய ஊகத்தைவிடக் கண்ட உண்மையே பெறுமதியானது. அறிக்கைகள் பகிரங்கமாக வைக்கப்படுவதால், மாதிரிக் கோப்பில் அந்தரங்கத் தகவல்கள் இருத்தலாகாது.

சில வேளைகளில், வழுவென நாம் கருதுவது திட்டமிட்ட செயற்பாடாகவும் இருக்கலாம். பின்னழிப்பு விசையை அழுத்தும்போது முழு எழுத்தும் நீங்காது உயிர்க்குறி மட்டும் நீங்குவது அத்தகையது. அவ்வாறாயின், தமிழ் எழுதுவோர்க்கு எது இசைவானது என்பதைக் காரணத்துடன் எடுத்துரைக்கலாம்.

தமிழில் எழுதுவோர் உணரும் இடர்ப்பாட்டைத் தமிழர் அல்லாதார் தாமாகக் கண்டறிவது அரிது. நாம் மௌனமாக இருந்தால் குறை எதுவும் இல்லையென்றே அவர்கள் கருதுவர். சலித்துக்கொண்டு வேறு மென்பொருளை நாடுவதிலும், அரைமணி நேரம் செலவிட்டு ஒரு தெளிவான அறிக்கை அனுப்புவது மேலானது. அதனால் கிட்டும் திருத்தம் தமிழில் எழுதும் அனைவர்க்கும் பயன்தரும்.