லைட் அணைந்தால் கோளாறு போய்விட்டதா?

புகைச் சான்று முடியும் தேதி நெருங்கினால் வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது: "செக் இன்ஜின் லைட் எரிகிறது. சான்று எடுக்கப் போகும் முன் வீட்டிலேயே அணைத்துவிடலாமா?"

அணைக்கலாம். கார் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஓபிடி அமைப்பின் போர்ட்டில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, எரர் கோடைக் குறித்துக்கொண்டு, போன் ஆப்பில் 'கிளியர்' கொடுத்தால் போதும். ஆனால், சான்றுக்காக இதைச் செய்யத் தேவையில்லை. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினின் சைலன்சரில் குழாய் செருகி எடுக்கும் அளவுதான் அந்தச் சான்று. பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். டீசலில் புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடு கணக்கிலேயே வராது. 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்ற அரசு, அது பதிந்துவைத்திருக்கும் கோளாறைப் படிக்கும்படி சோதனை மையத்துக்குச் சொல்லவில்லை. இப்படிக் கிடைக்கும் சான்றை வைத்து ஒரு காரை மாசற்றது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

'கிளியர்' கொடுத்தால் கோடு மட்டும் அழிவதில்லை. கோளாறு வந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்ற பதிவும் போய்விடும். மெக்கானிக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே சாட்சி அது. கூடவே, கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் முடிவுகளும் அழிந்து, 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டுத்தான் அதன் நிலை தெரியும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓட வேண்டும். அதுவரை லைட் எரியாது, பழுது அப்படியே இருந்தாலும்.

கலிபோர்னியாவில் இந்த வித்தை எடுபடாது. அங்கே சோதனை மையமே ஓபிடியைப் படிக்கிறது. சோதனைகள் முடியாத காரைத் திருப்பி அனுப்புகிறது. ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் கோடுகளையும் 2019 ஜூலை முதல் பார்க்கிறார்கள். நம் ஊரிலும் இதைச் செய்யக் கருவி ஒன்று போதும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டினால்? பல கார்களில் லைட் அணையும். ஆனால் இன்ஜின் கற்றுவைத்த ஐடிலிங் அளவுகளும் போகலாம்.

தானாக அணையுமா? கோளாறு திரும்ப வராவிட்டால், பெரும்பாலும் மூன்று ஓட்டச் சுழற்சிகளில் (இன்ஜினை இயக்கி, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி).

மின்னி மின்னி எரிந்தால்? மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறேன், லைட் எரியவில்லையே? இக்னிஷன் ஆன் செய்ததும் ஒருமுறை எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாவிட்டால் லைட்டிலேயே கைவைத்திருக்கலாம். பிறகு ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் அண்மையில் யாரோ கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். சில நாள் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.