தேடிய தேட்டம் சிதையாதிருக்க

பொருளைத் தேடுவதற்கு உழைப்பு வேண்டும். தேடியதைக் காப்பதற்குச் சிக்கனம் வேண்டும். காத்ததை உரியவர் கையில் வழக்கின்றி ஒப்படைப்பதற்குச் சட்ட அறிவு வேண்டும். முதலிரண்டினையும் வன்னி மக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. காடு வெட்டிக் கழனியாக்கியவர்களும், 2009 ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் வெறுங்கையுடன் மீண்டு வந்து வீட்டையும் கடையையும் மறுபடி எழுப்பியவர்களும் நம்மவரே. மூன்றாவதே நம்மிடையே குறைவுபட்டுள்ளது. தந்தை கண்மூடிய ஆண்டுத் திவசத்திற்கு முன்னரே உடன்பிறந்தார் நீதிமன்ற வாயிலில் எதிரெதிரே நிற்கும் காட்சி இப்பகுதியில் அரிதன்று. எம்மிடம் பழைய உறுதிகளை வாசித்துப் பொருள் சொல்லும்படி கொண்டு வருவோர் பலர். அவர்களுள் பெரும்பாலார் வருவது காலம் கடந்த பின்னரே. ஆதலின் இம்மலரிலே இப்பொருள் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

முதற்கண் அறிய வேண்டுவது, தம் நிலம் எவ்வகையினது என்பதாகும். வன்னியிலே இருவகை நிலங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, நொத்தாரிசு உறுதியால் வந்த தனியார் நிலம். மற்றையது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசு அனுமதிப்பத்திரம் வாயிலாகவோ அளிப்புப் பத்திரம் வாயிலாகவோ வழங்கிய நிலம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களின் கீழ்க் குடியேறியோர் பெற்ற நிலங்களிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையின. பார்வைக்கு இரண்டும் ஒரே மண்தான். ஆனால் உரிமை கைமாறும் வழி முற்றிலும் வேறு.

தனியார் நிலத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு வடமாகாணத் தமிழரின் தனிச்சட்டமாகிய தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்று, ஆங்கிலேயரால் 1806 இல் உறுதிப்படுத்தப்பெற்ற இவ்வழமையை, 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் திருத்தமும் இன்றைய நிலைக்குக் கொணர்ந்தன. மணவாழ்வின்போது கணவனோ மனைவியோ விலைகொடுத்து ஈட்டியது தேடியதேட்டம் எனப்படும். ஒருவர் மரணசாதனம் எழுதாது இறப்பின், அவருக்குரிய தேடியதேட்டத்திற் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மறுபாதி ஏனைய உரிமையாளருக்கும் சேரும். இவ்வாறு பங்குபட்ட நிலத்தில் ஒருவர் தம் பங்கினை அயலாருக்கு விற்க முனைந்தால், கூட்டுரிமையாளருக்கு அதனை முந்தி வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டம் அதற்கான அறிவித்தல் முறையை வகுத்துள்ளது. அம்முறையைக் கைக்கொள்ளாது முடிக்கும் விற்பனை வழக்குக்கு வித்தாகும்.

இப்பொது ஒழுங்கு தம் குடும்பத்துக்குப் பொருந்தாது எனக் கருதுவோர் மரணசாதனம் எழுதலாம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் அதற்கு வகுத்த நேரிய வழி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே உடனிருக்கக் கையொப்பமிடுதலாகும். நாட்குறிப்பில் எழுதிவைத்த விருப்பமும், மரணப்படுக்கையில் வாயாற் சொன்ன சொல்லும் மரணசாதனமாகா. எழுதியவர் பின்னர் மணஞ்செய்தால் முன்னைய சாதனம் அம்மணத்தாலேயே அற்றுப்போம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி இரண்டாம் வகை நிலம். இங்கேதான் நம்மவர் பெரிதும் இடறுகின்றனர். அரசு வழங்கிய இந்நிலத்துக்கு மரணசாதனம் செல்லாது; தேசவழமையின் பின்னுரிமை முறையும் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. உரிமையாளர் செய்யத்தக்கது, பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்தல் ஒன்றே. அவர் வாழ்க்கைத் துணையாகவோ சட்டத்தின் அட்டவணையிற் சொல்லப்பட்ட உறவினருள் ஒருவராகவோ இருத்தல் வேண்டும். அந்நியமனம் உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே பதிவுபெற்றிருத்தல் வேண்டும். இறந்த பின்னர்ப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பதிவுபெறாத நியமனத்தாற் பயனில்லை. உரிமையாளர் இறந்தால், நியமனம் யாருக்கு இருப்பினும், வாழ்க்கைத் துணையின் உரிமை முந்துகின்றது. அவருக்குப் பின்னரே நியமிக்கப்பட்டவர் வருவார். பின்னுரிமை பெறுபவர் ஆறு மாதத்துக்குள் நிலத்தைப் பொறுப்பேற்றல் வேண்டும். தவறின் உரிமை இழக்க நேரும்.

நியமனமே செய்யாதிருந்தால் அட்டவணையின் ஒழுங்கே உரிமையாளரைத் தீர்மானிக்கும். அவ்வொழுங்கு நெடுங்காலம் ஆண்மக்களையே முன்னிறுத்தி வந்தது. பெண்மக்களுக்கு இழைக்கப்பட்ட இவ்வேற்றுமையை நீக்கும் நோக்குடன் 2022 ஆம் ஆண்டிலே திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. எனினும், சட்டத்தின் ஒழுங்கை நம்பியிருப்பதிலும் பார்க்க, உரிய காலத்தில் நியமனம் செய்தலே சாலச்சிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். குளத்தின் கீழ் அனுமதிப்பத்திர நிலம் பெற்ற ஒருவர், அதன் ஓரத்தில் அரிசி ஆலை ஒன்றை நிறுவுகின்றார் என்க. இளைய மகள் பத்தாண்டு கணக்கெழுதி ஆலையை நடத்துகின்றாள். மூத்த மகன் கொழும்பிலே தொழில் செய்கின்றான். தந்தை நிலமும் ஆலையும் மகளுக்கே எனச் செவ்வனே மரணசாதனம் எழுதி மறைகின்றார். தாயும் முன்னரே காலமாகிவிட்டார். இயந்திரங்களும் நெல் இருப்பும் அச்சாதனத்தின்படி மகளைச் சேரும். நிலமோ சேராது. நிலமின்றி ஆலை ஏது? பிரதேச செயலகத்திலே ஒரு பத்திரத்தை நிரப்பிப் பதிவு செய்திருந்தால், அவளுடைய பத்தாண்டு உழைப்புக் காக்கப்பட்டிருக்கும். முன்னனுமதியின்றி இவ்வகை நிலத்தை வெள்ளைத்தாளில் எழுதி விற்பதும் வாங்குவதும் இதனினும் கேடானவை. அத்தகைய கைமாற்றம் சட்டத்தின்முன் செல்லாது.

நம் பகுதிக்கே உரிய துயரம் ஒன்றும் இங்கே கூறத்தக்கது. கணவன் இருக்கின்றானா, இல்லையா என்று அறியாது வாழும் பெண்கள் இங்கே பலர். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அந்த இசைவைப் பெற இயலாத பெண்ணின் துணைக்கு 1911 ஆம் ஆண்டின் சட்டமே ஒரு வாயிலைத் திறந்துள்ளது: கணவன் கைவிட்டுப் பிரிந்தமை முதலிய காரணங்களைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை அவள் வேண்டலாம். மேலும், போரினாற் காணாமற்போனவர் பொருட்டு, மரணத்தைப் பதியாமலே, அவரைக் காணவில்லை எனச் சான்றிதழ் பெறும் வழியை 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. இறந்தார் என எழுத மனம் ஒருப்படாத மனைவிக்கும் தாய்க்கும், உதவிகளைக் கோரவும் காணாமற்போனவரின் உடைமையைப் பேணவும் இச்சான்று துணையாகும்.

அடுத்து வணிகம். தனியொருவர் நடத்தும் கடை, சட்டத்தின் கண்ணில் அவரின் வேறாகாது. அவர் கடன் கடையின் கடன். அவர் மறைந்தால் கடையும் அவர் உடைமைகளுள் ஒன்றாய்ப் பங்குக்கு வரும். தம் முழுப்பெயரல்லாத பெயரில் வணிகம் நடத்துவோர் அப்பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிதல் கடமை. நண்பரிருவர் கூடித் தொடங்கும் வணிகத்திலே நட்பே ஒப்பந்தம் என்றிருப்பது ஆகாது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்படின் கூட்டு வணிக உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். இன்றைய விலைவாசியில் ஆயிரத்துக்குட்பட்ட வணிகம் ஏது? வேறு உடன்பாடு இல்லையாயின், பங்காளருள் ஒருவர் இறந்ததும் கூட்டு வணிகம் கலையும். இறந்தவரின் பங்கினை எவ்வாறு மதிப்பிட்டு, எத்தனை மாதத்தில் அவர் குடும்பத்துக்குக் கொடுப்பது என்பதை முதல் நாளிலேயே எழுதிவைத்தல் இரு குடும்பங்களுக்கும் நன்மை. வணிகம் வளர்ந்தால், 2007 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி தனியொருவரும் கம்பனி அமைக்கலாம். அது அவருக்குப் பின்னும் நிலைக்கும்.

வேலையாள் வைத்திருப்போர், ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தம் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் மாதந்தோறும் செலுத்த வேண்டும். கட்டாத நிலுவை மிகுவரியுடன் பெருகி, பின் வருவோர் தலையில் விழும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளிற் செய்து முடித்தல் அரிது. ஆயினும் தொடங்குதல் எளிது. உறுதி, அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கடன் விவரம் என்பவற்றை ஒரு தாளில் நிரைப்படுத்தி, அது இருக்குமிடத்தை மனைவி மக்களுக்கு அறிவித்தல் முதற்படி. போரிலே பத்திரங்களை இழந்தோர் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பிரதிகளைக் கோருதல் இரண்டாவது. வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் பெயரைக் கொடுத்தல் மூன்றாவது. அதன் பின்னர் வழக்கறிஞரையோ நொத்தாரிசையோ அணுகித் தம் குடும்பத்துக்கு ஏற்றதைச் செய்துகொள்க. நாம் கூறியவை பொது விளக்கமே. ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறாதலின், பத்திரங்களைக் கண்ணாற் கண்டவரின் ஆலோசனை இன்றியமையாதது.

சாவைப் பற்றிப் பேசுதல் அமங்கலம் என்று இதனை ஒத்திவைப்போர் உளர். மாரி வருமுன் குளக்கட்டைப் பார்வையிடுதலை எவரும் அமங்கலம் என்பதில்லை. இதுவும் அவ்வாறே. கல்லூரியின் விழாக்காலத்தில் ஊர் திரும்பும் பழைய மாணவர், தத்தம் பெற்றோருடன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பாராயின், எம் எழுத்துப் பயன்பெற்றதாகும்.