ஈடும் தண்டமும்: கடல் வழக்குகளில் நீதிமன்றம் இட்ட எல்லை

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையில், தேயிலை ஏற்றிய லாரி ஒன்று நிலைதடுமாறிக் காய்கறித் தோட்டத்தில் பாய்ந்து, 10,000 வெள்ளி பெறுமான விளைச்சலை அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லாரிக்கு உடையவர் அந்த 10,000 வெள்ளியைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஓட்டுநர் குடிக்கு அடிமை என்பதை உடையவர் முன்பே அறிந்திருந்தும் வண்டியை அவர் கையில் ஒப்படைத்தார் என்று தெரியவந்தால்? தோட்டக்காரரின் இழப்பு அப்போதும் 10,000 வெள்ளிதான். எனினும் கேட்பவர் மனம் அத்துடன் அமைதி கொள்வதில்லை. இனி எவரும் இவ்வாறு செய்யத் துணியாதபடி, இழப்புக்கு மேலும் ஒரு தொகை வாங்கவேண்டும் என்றே தோன்றுகிறது.

முதலில் சொன்னது ஈடு. அதற்கு மேற்பட்டது தண்டம். இழந்ததை நிரப்புவது ஈடு. குற்றத்தை ஒறுப்பது தண்டம். பேச்சு வழக்கில் 'தண்டம் அழுதேன்' என்று வீண்செலவையும் அச்சொல்லால் குறிக்கிறோம். கட்டியவன் நோக்கில் எல்லாத் தண்டமும் வீண்செலவாகத்தான் தெரியும் போலும்! தண்டம் குற்றத்துக்கு ஒத்த அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பது 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் கருத்து. ஒத்த அளவு எது என்பதே இன்றளவும் நீதிமன்றங்களை அலைக்கழிக்கும் வினா.

ஆங்கில நாட்டில் 1763இல் வில்க்ஸ் என்பாரின் வழக்கிலேயே இத்தகைய தண்டம் விதிக்கப்பட்டது. அரசு அலுவலர் அத்துமீறி அவர் வீட்டில் நுழைந்து தாள்களைக் கைப்பற்றியதற்காக எழுந்த வழக்கு அது. பின்னர் 1964இல், ரூக்ஸ் எதிர் பார்னார்ட் என்னும் வழக்கில் டெவ்லின் பிரபு இத்தண்டத்தைச் சில வகை வழக்குகளுக்குள் அடக்கிவிட்டார். அரசு அலுவலரின் கொடுமை ஒரு வகை. கொடுக்கவேண்டிய ஈட்டைவிட வரும் ஆதாயம் பெரிது என்று கணக்கிட்டே செய்த தீங்கு மற்றொரு வகை. மலேசிய நீதிமன்றங்களும் இவ்வகைப்பாட்டைப் பின்பற்றி வந்துள்ளன. அமெரிக்காவில் அத்தகைய அடக்கம் ஏற்படவில்லை. அங்கே தண்டத்தின் அளவைச் சான்றாயர் குழுவே முடிவு செய்யும். ஆதலால் தொகைகள் வானளாவ உயர்வதும் உண்டு.

இனி லாரியின் இடத்தில் எண்ணெய்க் கப்பல் ஒன்றை வைத்துப் பார்ப்போம். 1989 மார்ச் 24ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், 'எக்ஸான் வால்டீஸ்' என்னும் கப்பல் அலாஸ்காவின் பிளை என்னும் பாறைத்திட்டில் மோதிற்று. ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மாலுமித் தலைவர் ஹேசல்வுட் குடித்திருந்தார். முக்கியமான திருப்பத்தில் அவர் கப்பலின் மேடையில் இல்லை. சிகிச்சைக்குப் பின்னும் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியதை எக்ஸான் கம்பெனி அறிந்தே இருந்தது என்பதற்கு வழக்கில் சான்றுகள் வந்தன. மீனவர், பழங்குடியினர், நிலமுடையோர் என 32,000 பேருக்கு மேல் வழக்காடினர்.

1994இல் சான்றாயர் கம்பெனிக்கு விதித்த தண்டம் 500 கோடி டாலர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைத்தது. 2008 ஜூன் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் அது 50 கோடியே 75 லட்சமாகச் சுருங்கியது. இறுதித் தொகை முதல் தொகையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள் ஓடிவிட்டன. வழக்காடியோருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

50 கோடியே 75 லட்சம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? மெய்யான இழப்புக்குரிய ஈடாக நீதிமன்றம் கணக்கிட்ட தொகை அது. தண்டம் அந்த ஈட்டை விஞ்சலாகாது, ஒன்றுக்கு ஒன்றே எல்லை என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர் வரையறுத்தார். அவர் காட்டிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒத்த குற்றங்களுக்கு ஓரிடத்தில் பெருந்தண்டமும் மற்றோரிடத்தில் சிறுதண்டமும் விழுமானால், தண்டிக்கப்படுவோன் தன் செயலின் விளைவை முன்கூட்டி அறிய முடியாது, அது நீதியாகாது. பல வழக்குகளை ஆராய்ந்த நூல்களில், நடுத்தரமான தண்டம் ஈட்டில் 100க்கு 65 என்ற அளவைத் தாண்டவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆதாயம் கருதியோ தீய எண்ணத்தாலோ செய்யப்படாத, ஆனால் வெறும் கவனக்குறைவையும் கடந்த குற்றத்துக்கே இந்த ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது.

சட்டமன்றம் இயற்றவேண்டிய எல்லையை நீதிமன்றம் இயற்றலாமா என்று ஐயுறுவோர் உண்டு. நீதிபதிகளுள்ளும் ஸ்டீவன்ஸ், கின்ஸ்பர்க் ஆகியோர் அவ்வாறே மாறுபட்டு எழுதினர். பிரேயர் 250 கோடியே தகும் என்றார். ஆனால் அமெரிக்கக் கடற்சட்டத்தில் பெரும்பகுதி நீதிபதிகளே வழக்குத்தோறும் வளர்த்தெடுத்தது. தாம் வளர்த்த கொடிக்குத் தாமே பந்தல் கட்டலாம் என்பது பெரும்பான்மையோர் நிலை.

கடலில் இதனினும் பழைய எல்லை ஒன்று உண்டு. அது தண்டத்துக்கன்றி ஈட்டுக்கே இடப்பட்டது. கப்பலுடையோர் ஒரே விபத்தில் அழிந்துபோனால் கடல் வாணிகம் நடவாது என்னும் அச்சத்தால், அவர்தம் பொறுப்பைக் கப்பலின் மதிப்போடு நிறுத்தும் சட்டங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின், அமெரிக்கச் சட்டப்படி எஞ்சிய மதிப்பு உயிர்காப்புப் படகுகளையும் பயணக் கட்டணத்தையும் சேர்த்து ஏறத்தாழ 92,000 டாலரே என்று அதன் உடையவர் வாதிட்டனர். 1976இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை கப்பலின் கொள்ளளவுக்கேற்ப உச்சத் தொகையைக் குறிக்கிறது. தீங்கு நேரும் என்று அறிந்தே உடையவர் துணிந்து செய்தார் என மெய்ப்பித்தாலன்றி அந்த உச்சம் உடையாது. மெய்ப்பித்தல் எளிதன்று.

இந்த எல்லை எத்துணை வலியது என்பதை இலங்கைக் கரை அண்மையில் உணர்ந்தது. சிங்கப்பூர்க் கொடியுடைய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பல் 2021 மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலங்கள் இருந்தன. 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கசிவு முன்பே தெரிந்து, இந்தியாவின் ஹசீரா துறையிலும் கட்டார் நாட்டுத் துறையிலும் அக்கலத்தை இறக்க முயன்றும் இயலவில்லை. சூன் மாதத்தில் கப்பல் மூழ்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் கோடிக்கணக்கில் கரையில் ஒதுங்கின, கடலாமைகள் மாண்டு மிதந்தன, மீன்பிடி தடுக்கப்பட்டது. நீர்கொழும்பு மீனவர் வலைகளைச் சுருட்டிவைத்துக் காத்திருந்தனர். தமிழின் தனி வழக்கு ஒன்று அவர்களிடையே வாழ்ந்துவருவதை மொழிநூலார் அறிவர்.

2023இல் இலண்டன் கடல்வழக்கு நீதிமன்றம் கப்பலுடையோரின் பொறுப்புக்கு 1 கோடியே 90 லட்சம் பவுன் என்று எல்லை குறித்தது. இலங்கை உச்ச நீதிமன்றமோ, 2025 சூலை 24ஆம் நாள், 100 கோடி டாலர் செலுத்துமாறு ஆணையிட்டது. இரண்டையும் டாலரில் ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒன்றுக்கு நாற்பது! அடிப்படை உரிமை மனுக்களின்மீது, மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறிப்படி எழுந்த தீர்ப்பு அது. கொழும்பு நீதிமன்றம் அத்தொகையைத் தண்டம் என்னாது ஈடு என்றே குறித்தது. கடலுக்கும் மீனுக்கும் நேர்ந்த கேட்டை அளப்பது விலைப்பட்டியல் பார்ப்பது போன்றதன்று. அலாஸ்காவில் 1993இல் ஹெர்ரிங் மீன்வளம் சரிந்தது. விபத்துத்தான் காரணமா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமித்திலர். இழப்பையே அளக்க இயலாதபோது, ஈட்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று தண்டத்தை அளப்பது எவ்வாறு?

2025 செப்டம்பரில் கப்பல் நிறுவனத்தார் அத்தொகையைச் செலுத்த இயலாதென அறிவித்தனர். செலுத்தினால் கடல் வாணிகத்தின் அடிப்படையான பொறுப்பு வரம்பே தகர்ந்துவிடும் என்பது அவர்கள் கூற்று. கப்பலுடையோர் சிங்கப்பூரில், கேடு நேர்ந்தது இலங்கையில், வரம்பு எழுதப்பட்டது இலண்டனில்.