சாஃப்ட்னர் தண்ணீரும் செம்பருத்தியும்

அடுக்ககத்தில் சாஃப்ட்னர் போட்டதிலிருந்து குழாயில் வெள்ளைப் படிவு இல்லை, ஆனால் மாடித்தோட்டத்துச் செம்பருத்தியின் இலைநுனி கருகுகிறது என்று வேளச்சேரி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தண்ணீர்தான் காரணமா என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் அதுதான்.

சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றிப்போடுகிறது. என் அம்மா பழைய பித்தளை அண்டாவைக் கடையில் போட்டுவிட்டு இரண்டு எவர்சில்வர் குடத்தோடு வருவார். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் செய்வதும் அந்த வியாபாரம்தான்: ஒரு கால்சியத்தையோ மெக்னீசியத்தையோ பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரில் இப்படிச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் ஏறிவிடும். டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். இந்த வித்தையே மண்ணில் கண்டறியப்பட்டது. 1850-ல் இங்கிலாந்தில் ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் அமோனியா உப்புக் கரைசலை மண் வழியே வடித்துப் பார்த்தார். அமோனியா மண்ணிலேயே தங்கிவிட்டது. வடிந்த நீரில் கால்சியம் வந்தது. களிமண்ணும் கொடுத்து வாங்கும் ஆசாமிதான். ஆகவே சாஃப்ட்னர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, தொட்டிக்குள் அதே வியாபாரம் தலைகீழாக நடக்கிறது. மண் சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விட்டுவிடுகிறது. துகள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தக் கால்சியம். அது போனதும் மண் குழைந்து இடுக்கெல்லாம் அடைபடும், தண்ணீர் மேலேயே தேங்கும், காய்ந்தால் ஓடு கட்டும். களர் நிலம் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். அதில் ஜிப்சம் போடுவது போன கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

நாம் 'சப்பைத் தண்ணீர்' என்று முகம் சுளிக்கும் நீரில் செடிக்கு வேண்டிய சத்தும் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு உரக்கடைக்கு ஓடுகிறோம். சோடியம் தீர்ந்த ரெசினில் அதை மறுபடி ஏற்றுவதற்காகக் கழுவிய உப்புநீரை வேப்பமரத்தடிக்குத் திருப்பிவிடும் குடியிருப்புகளும் உண்டு. மரம்தானே, தாங்கும் என்கிறார்கள். மழைநீர்க் குழியில் விடுவது அதைவிட மோசம். அந்த உப்பு அதே போரில் ஏறி வரும்.

சாஃப்ட்னருக்கு முன்னாலேயே மாடிக்குத் தனிக் குழாய் பிரிக்கச் சொல்லி ப்ளம்பரைக் கூப்பிடுங்கள். இப்போதுள்ள தொட்டி மண்ணில் கொஞ்சம் ஜிப்சம் கலந்து, அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை மழைநீரோ சாதாரண நீரோ ஊற்றுங்கள். கருகிய இலை பச்சையாகாது. புதுத் தளிரைப் பாருங்கள்.